மூன்று ஓலையும் ஒரே மூச்சில்

திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தவளைத் திண்டிவனத்தில் இறக்கிவிட வேண்டும். இதில் விவாதிக்க ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நடத்துநருக்கு வேறு கருத்து இருந்தது. ஊருக்குள் போய்த் திரும்பினால் நேரமாகிவிடுமாம். புறவழிச்சாலையில், நிழலுக்கு ஒரு முருங்கைமரம்கூட இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி, "ஜல்தி எறங்கும்மா, பின்னாடி வண்டிங்க வந்துக்கினு இருக்குது" என்றார்.

என்னிடம் இரண்டு பெட்டிகள். ஒன்றைத் தரையில் வைத்துவிட்டு மற்றதற்காகத் திரும்பினேன். அதற்குள் விசில். பெட்டி உள்ளே, நான் வெளியே. கையை ஆட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். ஐம்பது தாண்டிய ஒருத்தி நெடுஞ்சாலையில் ஓடுவதைப் பார்த்து ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தினார். என் துணிமணி, அண்ணன் மகளுக்கு வாங்கிய புடவை, அண்ணனுக்கு வாங்கிய கோடாலித் தைலம் எல்லாம் விழுப்புரம் பக்கமாகப் போய் மறைந்தன.

எனக்கு வந்த ஆத்திரம் பெட்டி போனதற்காக மட்டுமல்ல. வழியில் ஒரு சாலையோர ஓட்டலில் இதே நடத்துநரும் ஓட்டுநரும் உள்ளறையில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட்டார்கள். எங்களுக்குக் கிடைத்தது காகிதக் குவளையில் கொதிக்கிற காப்பி. அதை ஊதி முதல் வாய் குடிப்பதற்குள் ஹாரன் அடித்தார்கள். பாதிப் பேர் காப்பியைக் கீழே கொட்டிவிட்டு ஓடி வந்து ஏறினோம்.

அவசரம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். குவைத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் நான் நர்ஸ். அவசரம்தான் என் பிழைப்பு. மூச்சு நின்றால் ஓடுவோம். ரத்தம் நிற்காவிட்டால் ஓடுவோம். மற்ற எல்லாவற்றுக்கும் நடந்துதான் போவோம், ஏனென்றால் ஓடுகிறவள் மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவாள். இங்கே மூச்சு நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற மனிதர்களெல்லாம் எதற்காக இப்படிப் பறக்கிறார்கள் என்பது இறங்கிய நிமிடத்திலிருந்தே எனக்குப் புரியவில்லை.

நான் வந்ததும் அப்படி ஓர் அவசரத்துக்காகத்தான். என் அண்ணன் சவரிமுத்துவுக்கு முகையூர்ப் பக்கம் கிராமத்தில் நிலம். மல்லாட்டையும், அதாவது வேர்க்கடலையும், நெல்லும் போடுகிறார். அவருடைய ஒரே மகள் டெல்பின் விழுப்புரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். "பிலோ, டெல்பினுக்குக் கல்யாணம் முடிவாயிடுச்சு. மாப்ளைக்கு லீவு கம்மி. உடனே பொறப்பட்டு வா" என்று அண்ணன் போன் செய்தார். மாப்பிள்ளை ஜெரால்டு திண்டிவனத்துக்காரர், கனடாவில் வேலை. நான் இறங்கிய அன்றுதான் அவர் வீட்டில் நிச்சயதார்த்தம்.

ஆட்டோ பிடித்து, மேம்பாலத்தடியில் நெரிசலில் வெந்து, கசங்கிய பயணச் சுடிதாரோடு மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் இறங்கினேன். "வாங்க வாங்க, உங்களுக்காகத்தான் நிறுத்தி வெச்சிக்கினு இருக்கோம்" என்று சம்பந்தியம்மாள் கையைப் பிடித்து இழுத்தார். முகம் கழுவட்டுமா என்று கேட்டேன். "அதெல்லாம் அப்புறம் கழுவிக்கலாங்க, போட்டோக்காரரு வேற எடத்துக்குப் போவணுமாம்."

ஜெபம் சொன்னார்கள். மோதிரம் மாற்றினார்கள். போட்டோக்காரர், "சிரிங்க மேடம், சிரிங்க, கண்ண மூடாதீங்க" என்று டெல்பினை விரட்டிக்கொண்டிருந்தார். அவள் சிரித்தாள். பள்ளியில் ஆய்வாளர் வந்தால் சிரிப்பாளே, அந்தச் சிரிப்பு. மாப்பிள்ளைப் பையனைப் பார்த்தேன். நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அவனும் பாவம், யார் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னாலும் திரும்பிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது. பிரியாணி நல்ல பிரியாணி. ஆனால் அடுத்த பந்திக்காரர்கள் என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் எலும்பைக் கையில் வைத்திருக்கும்போதே ஒருவர் என் இலையை மடித்து எடுத்துவிட்டார். கையிலிருந்த எலும்பை எங்கே போடுவது என்று தெரியாமல் எழுந்து நின்றேன். குவைத்தில் கட்டட வேலைக்கு வந்த ஏழைத் தொழிலாளிகள்கூட ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, கடைசி ஆள் கையை எடுக்கும்வரை காத்திருப்பார்கள். இங்கே விருந்துக்குக் கூப்பிட்டவர்கள்தான் இலையைப் பிடுங்குகிறார்கள்.

பிறகு எல்லோருமாகக் கல்யாண மண்டபத்தைப் பார்க்கப் போனோம். மேடையில் இரண்டு வடநாட்டு இளைஞர்கள் பிளாஸ்டிக் பூக்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு இந்தி தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "இதைக் கழற்றிவிட்டு நாளைக்கு மறுபடி இதையே மாட்டப் போகிறோம். அப்படியே விட்டால் என்ன?" என்றான் ஒருவன். "பேனரில் பெயரை மட்டும் மாற்றச் சொல்லு" என்றான் மற்றவன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று முழுக்க நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

ஊருக்குத் திரும்புகிற வழியில்தான் அண்ணன் விஷயத்துக்கு வந்தார். "ஒரு பேஜாரு இருக்குது பிலோ. சாமியாரு ஓலைக்கு ஒத்துக்க மாட்டேன்றாரு."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் கல்யாணம் முடிவானதும் கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் திருமணம் நடக்கப்போகிறது, தடை ஏதாவது தெரிந்தவர்கள் பங்குச்சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அறிவிப்பு. முதல் ஓலை ஒரு ஞாயிறு, இரண்டாம் ஓலை அடுத்த ஞாயிறு, மூன்றாம் ஓலை அதற்கடுத்த ஞாயிறு. அதன் பிறகுதான் தாலி. அவ்வளவு பொறுக்க முடியாதவர்கள் ஆயர் இல்லத்தில் விலக்கு வாங்கினால் மூன்றையும் சேர்த்து ஒரே ஞாயிற்றில் வாசித்துவிடலாம். முன்பெல்லாம் யாராவது சாகக் கிடந்தால் கேட்பார்கள். இப்போது விமான டிக்கெட்டுக்காகக் கேட்கிறார்கள்.

"விலக்கு கேக்க வலுவான காரணம் வேணும்ன்றாரு. நீ சொன்னா கேப்பாரு பிலோ. கோயில் மைக்செட்டு நீ குடுத்ததுதானே" என்றார் அண்ணன்.

அப்போதுதான் புரிந்தது. கல்யாணத்துக்கென்று என்னை அழைக்கவில்லை. சாமியாரை அவசரப்படுத்த அழைத்திருக்கிறார்கள். கடல் தாண்டி ஓடி வந்தது, இன்னொருவரை ஓட வைப்பதற்கு! வாயைத் திறந்தால் அண்ணனோடு சண்டையில் முடியும் என்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் பெட்டியைத் தேடி விழுப்புரம் புறப்பட்டேன். டெல்பின் பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டுத் துணைக்கு வந்தாள். பெட்டி பத்திரமாக இருக்கிறது, அந்த வண்டி திரும்பி வரும்போது கொடுப்பார்கள் என்று பேருந்து நிலைய அலுவலகத்தில் சொன்னார்கள். எப்போது வரும் என்று கேட்டேன். "வரும்போது வரும்மா" என்றார் அங்கிருந்தவர். பயணியை இறக்கிவிட நேரமில்லை. பெட்டியைத் திருப்பித் தர மட்டும் உலகத்து நேரமெல்லாம் இருக்கிறது.

காத்திருந்த நேரத்தில் மல்லாட்டை வேகவைத்து விற்கிற அம்மாவிடம் போய்க் கேட்டேன். "இன்னும் வேவலம்மா" என்றார். பரவாயில்லை, கொடுங்கள் என்றேன். "வேவாததைத் தின்னுட்டு வயித்த வலிக்குதுன்னு என்னைத் திட்டுவியா? சித்த நில்லு." நான் முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றேன். டெல்பின் சிரித்தாள். முந்தின நாள் போட்டோவுக்குச் சிரித்தது போல இல்லை அது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும்தான் கேட்டேன்.

"உனக்கு மாப்பிள்ளையைப் புடிச்சிருக்கா?"

ஒரு பேருந்து வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, போனது.

"புடிக்கலன்னு சொல்லல அத்தை. புடிச்சிருக்குன்னும் சொல்லல. யோசிக்கவே இல்ல. யோசிக்கவே வுடல. பொண்ணு பாக்க வந்தன்னிக்கே மண்டபம் கிடைக்குமான்னு போன் போட்டுக்கினு இருந்தாங்க. ரெண்டு வாட்டி வீடியோ கால்ல பேசினாரு. பக்கத்துல அவங்க அம்மா ஒக்காந்துக்கினு இருந்தாங்க. பசங்களுக்குக் கணக்கு குடுத்தா, 'ஒடனே கை தூக்காதீங்கடா, ஒரு நிமிஷம் பாருங்க'ன்னு நான்தான் சொல்றேன். எனக்கு அந்த ஒரு நிமிஷம் யாரும் தரல."

"சாமியார் தனியாக் கூப்பிட்டுக் கேட்டிருக்கணுமே?" என்றேன். கல்யாணத்துக்கு முன் பெண்ணையும் மாப்பிள்ளையையும் தனித்தனியே உட்கார வைத்து, முழு மனதோடுதானா, யாருடைய வற்புறுத்தலும் இல்லையே என்று பங்குச்சாமியார் கேட்க வேண்டும். இது எங்கள் திருச்சபையின் சட்டம்.

"கேட்டாரு. பைக்ல ஏறி ஒக்காந்து ஹெல்மெட் மாட்டிக்கினே கேட்டாரு. சம்மதம்தானேம்மான்னாரு. அம்மா பக்கத்துல நின்னாங்க. ம்னு சொன்னேன்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. விபத்தில் அடிபட்டு, முகம் முழுக்க ரத்தமாக வருகிற ஆளிடம்கூட உன் பெயர் என்ன, எங்கே வலிக்கிறது, ஊசி போடட்டுமா என்று கேட்டுவிட்டுத்தான் கை வைப்போம். அவன் பேசவே முடியாவிட்டால் கண்ணையாவது பார்ப்போம். ஒரு பெண்ணின் முழு ஆயுளையும் முடிவு செய்கிற கேள்வியை ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேட்டால் என்ன அர்த்தம்?

பெட்டி சாயங்காலம் வந்தது. புடவை நசுங்காமல் இருந்தது. நான் அதை அவளிடம் கொடுக்கவில்லை. கல்யாணப் புடவை என்று வாங்கியது, இப்போது எந்த வாயால் கொடுப்பேன்?

சனிக்கிழமை காலை சாமியாரைப் பார்க்கப் போனேன். அண்ணன் நினைத்தது ஒன்று, நான் கேட்கப் போனது நேர் எதிரானது. விலக்கு கொடுக்காதீர்கள் என்று சொல்லத்தான் போனேன். இளம் சாமியார், நாலைந்து கிளைக் கிராமங்களுக்கு அவர் ஒருவர்தான், அதனால் எப்போதும் பைக்கிலேயே இருக்கிறார். "ஸ்தோத்திரம் சாமி" என்றேன்.

"வாங்க சிஸ்டர். நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியும். கவலையே படாதீங்க, விலக்கு வந்துடுச்சு. மாப்ளை வீட்ல ஆயர் இல்லத்துல பேசிட்டாங்க. வாட்ஸ்அப்லயே அனுமதி அனுப்பிட்டாங்க. நாளைக்கே மூணையும் வாசிச்சிடறேன்."

"காரணம் என்னன்னு எழுதுனீங்க?"

"மாப்ளைக்கு லீவு இல்லன்னுதான்."

"பொண்ணுகிட்ட கேட்டீங்களா சாமி?"

"கேட்டேனே. சரின்னுச்சு."

"உக்காந்து கேட்டீங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் விடவில்லை. ஞாயிறு ஞாயிறாக மூன்று முறை வாசிக்க வைத்தது ஊர்க்காரர்களின் காதுக்காக மட்டும்தானா என்று கேட்டேன். தடை தெரிந்தவர்கள் சொல்வதற்கென்று ஊருக்குக் கொடுத்த அந்த அவகாசம், யாரும் கேட்காமலேயே பெண்ணுக்கும் கிடைத்துக்கொண்டிருந்ததே. முதல் ஓலைக்குப் பயப்படுவாள், இரண்டாம் ஓலைக்கு யோசிப்பாள், மூன்றாம் ஓலைக்குள் மனது ஒரு பக்கம் வந்து சேரும். அதையும் பிடுங்கிக்கொண்டால் அவளுக்கு மிச்சம் என்ன?

"நீங்க சொல்றது நியாயம்தான் சிஸ்டர். ஆனா பொண்ணு வாயால எதுவும் சொல்லலையே. நானா எப்படி நிறுத்தறது? கெடார்ப் பக்கம் ஒரு சாவு, நான் போவணும்" என்று சொல்லிவிட்டு பைக்கை உதைத்தார். புகைக்கு நடுவே நின்று கத்தினேன். அது அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்து டெல்பினிடம் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். நீ இதைச் செய், அதைச் செய் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏற்கெனவே அவளுக்குச் சொல்லுகிறவர்கள் அதிகம். அண்ணி வைத்த கருவாட்டுக் குழம்பையும் கேப்பைக் களியையும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். குழம்பு அருமையாக இருந்தது என்பதைக் கோபத்திலும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

எங்கள் ஊரில் தன் ஓலை வாசிக்கிற பூசைக்குப் பெண் போகமாட்டாள். வெட்கமாம். வீட்டிலிருந்து ஒலிபெருக்கியில் கேட்டுக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை டெல்பின் தலை வாரி, முந்தானையை முக்காடாகப் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நின்றாள். "நீ எங்கடி வர்றே?" என்று அண்ணி அலறினாள். "பூசைக்கும்மா" என்றாள். கோயிலுக்குள் நுழைந்ததும் பெண்கள் பக்கம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

பூசை முடிகிற நேரத்தில் சாமியார் மைக் முன்னால் வந்தார். "முதலும் முடிவுமான ஓலை" என்று ஆரம்பித்து, சவரிமுத்து விக்டோரியா தம்பதியரின் மகள் டெல்பின் மேரி என்று ஒரே மூச்சில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று முடித்தார். அதே மூச்சில், கோயில் வாசலில் வழியை மறித்து நிற்கிற டிராக்டரை எடுக்கும்படி அறிவித்தார். டிராக்டர்காரர் எழுந்து ஓடினார். மூன்று வாரம் அத்தோடு தீர்ந்தது.

பூசை முடிந்ததும் டெல்பின் நேராகப் பீடத்துக்குப் பக்கத்து அறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். அண்ணனும் அண்ணியும் என் பின்னால் வந்தார்கள். சாமியார் பூசை உடுப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"சாமி, அந்த ஓலைக்குத் தடை இருக்குது."

"என்னம்மா சொல்ற? யாருக்கு?"

"எனக்குத்தான் சாமி. நான் இன்னும் யோசிக்கல."

சாமியாரின் ஒரு கை உடுப்புக்குள்ளேயே நின்றது. "யோசிக்கலன்றதெல்லாம் தடையில வராதேம்மா. சொந்தத்துல கட்டறது, முன்னமே கல்யாணம் ஆனது, அந்த மாதிரி இருந்தாத்தான்..."

"ம்னுதான் சொன்னேன் சாமி. சம்மதம்னு சொல்லல. இன்னிக்கு வாசிச்சத மொதல் ஓலையா வெச்சிக்குங்க. வேணாம்னு நான் சொல்லல. மூணாவது ஓலைக்கு முன்னாடி நானே வந்து சொல்றேன். எனக்கு அந்த மூணு வாரம் வேணும்."

"ஊரு முன்னாடி மானத்த வாங்காதடி!" என்று அண்ணன் கையை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். என்னை அடித்துவிட்டு அவளிடம் போ அண்ணா என்றேன். அவர் அடிக்கவில்லை. ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை அடியைவிட மோசமாக இருந்தது.

சாமியார் மெல்ல உடுப்பைக் கழற்றி மடித்து வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்காரச் சொன்னார். எங்கள் மூவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். அடுத்த கிராமத்துப் பூசைக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவர் வந்து கதவைத் தட்டினார். "இருக்கட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அந்த ஒரு வார்த்தையில் போனது. மீதிப் பாதியை வைத்திருக்கிறேன்.

அன்று வாசித்ததை முதல் ஓலையாகவே வைத்துக்கொள்ள சாமியார் ஒப்புக்கொண்டார். வெளியே வந்ததும் டெல்பினே ஜெரால்டுக்குப் போன் செய்தாள். எங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். "நீங்களும் யோசிங்க, நானும் யோசிக்கிறேன்" என்றாள். அந்தப் பையன், "எனக்கும் டைம் இருந்தா நல்லாத்தாங்க இருக்கும். இதுவரைக்கும் உங்ககிட்ட ஒழுங்காப் பேசக்கூட இல்ல. ஆனா லீவு..." என்று இழுத்தான். "லீவு முடிஞ்சா போய்ட்டு வாங்க. போன்ல பேசிக்கலாம். அடுத்த லீவுல கல்யாணம் வெச்சிக்கலாமே" என்றாள். அவன் சிரித்தான். நிஜமாகவே சந்தோஷமாகச் சிரித்தது போல இருந்தது. அப்போது பின்னாலிருந்து அவன் அம்மாவின் குரல், "போன வைடா மொதல்ல" என்றது. இணைப்பு அறுந்தது.

அதன்பின் வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. சோறு வரும், பேச்சு வராது. "கொவைத்துலேர்ந்து வந்து குடும்பத்தக் கலைச்சிட்டா" என்று அண்ணி பக்கத்து வீட்டில் சொன்னது சுவர் தாண்டிக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள். டெல்பின் மட்டும் பள்ளிக்குப் போய் வந்து, தேர்வுத்தாள் திருத்தி, சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் தனியாக நடந்துவிட்டு வந்தாள். யோசிக்கிற பெண்ணைப் பார்ப்பதே இந்த ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. "இன்னா டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று வழியில் கேட்டார்களாம்.

கல்யாணம் தள்ளிப்போன பிறகு அந்த வீட்டில் தங்க மனமில்லாமல் டிக்கெட்டை அந்த வாரத்துக்கே மாற்றிக்கொண்டேன். அண்ணன் பேசாவிட்டாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு விழுப்புரம்வரை வந்தார். டெல்பினும் வந்தாள். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அத்தை, யோசிச்சேன். அன்னிக்கு அவரு பேசினது புடிச்சிருந்துச்சு. எனக்கும் டைம் இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னாரு பாருங்க, அது பொய் இல்ல. சரின்னு சொல்லலாம்னு தோணுது."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை ரகளையும் ஒரு 'சரி'க்குத்தான். அவளே தேடிக் கண்டுபிடித்த 'சரி'. பெட்டியைத் திறந்து அந்தப் புடவையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

விழுப்புரம் நிலையத்தில் இறங்கி என் வண்டிக்காக நின்றபோது அண்ணனின் போன் ஒலித்தது. உறவுக்காரர் ஒருவர் அழைப்பிதழ் அனுப்பியிருந்தார். அண்ணன் படித்தார். மறுபடி படித்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

ஜெரால்டின் திருமண அழைப்பிதழ். அதே திண்டிவனம் மண்டபம். அதே நாள். அதே ரோஜாப்பூ ஓரம். மணமகள் மட்டும் வேறு. கெடார்ப் பக்கத்துப் பெண், பெயர் ஸ்டெல்லா. கீழே பெண் வீட்டாரின் தொலைபேசி எண்.

எங்கள் ஓலையில் ஈரம் காயவில்லை. அதற்குள் இன்னொரு பெண்ணைப் பார்த்து, பேசி, அச்சடித்தும் ஆகிவிட்டது. மண்டபத்தை விட மனமில்லை, சமையல்காரரை விட மனமில்லை, விமானத்தை விட மனமில்லை. விட முடிந்தது என் அண்ணன் மகளை மட்டும். அந்தப் பையன் இந்த முறையும் எந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்களோ அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறான். நடுப் பேருந்து நிலையம் என்றும் பார்க்காமல் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். யாரைத் திட்டுகிறேன் என்று ஆட்கள் சுற்றும் முற்றும் பார்த்தார்கள்.

டெல்பின் போனை வாங்கிப் பார்த்தாள். புடவையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அழுதாள். அண்ணன் அவள் தலையில் கை வைத்தார். "எம் பொண்ணு இல்லன்னா வேற பொண்ணாமா. காய்கறியாடா இது?" என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. அந்த வாரத்தில் அவர் என் பக்கம் நின்று பேசிய முதல் பேச்சு அது.

டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்த எண்ணை அழுத்தினாள்.

"யாருக்கும்மா போடற? அந்தக் கல்யாணத்தக் கெடுக்கப் போறியா? வேணாம்மா, பாவம்" என்று அண்ணன் பதறினார்.

"கெடுக்கலப்பா. கேக்கறேன், அவ்ளோதான்."

அந்த நேரம் பார்த்து என் வண்டி வந்து நின்றது. "ஏர்போர்ட் ஏர்போர்ட்! ஏறும்மா, ஜல்தி ஏறு!" என்று நடத்துநர் கத்தினார். நான் நகரவில்லை. "ஏறப் போறியா இல்லையா?" என்றார். அடுத்த வண்டியில் வருகிறேன், நீங்கள் போங்கள் என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு விசில் கொடுத்தார்.

மறுமுனையில் முதலில் ஓர் ஆண் குரல், பிறகு ஒரு பெண் குரல் கேட்டது. டெல்பின் தன் பெயரைச் சொன்னாள். விழுப்புரத்தில் டீச்சர் என்றாள். தனியாகப் பேச முடியுமா என்றாள். எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. டெல்பின் சொன்னது மட்டும் கேட்டது.

"இல்லல்ல ஸ்டெல்லா, அவசரம் ஒண்ணும் இல்ல. நீ சாப்ட்டு முடி. நான் லைன்லயே இருக்கேன்."